முந்திக்கொண்ட குரல்

அத்தியாயம் பதினேழு

நஜிமுதீனின் படப்பெட்டி கப்பலை விட்டு இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். நடுவில் ஓர் இதழைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்தமானில், ஷாதிபூரில் தகரக் கொட்டகை போட்டு சினிமா ஓட்டுகிறவன் அப்துல் குத்தூஸ். அவன் மனைவி மஸூதா, தாயார் ரம்ஜான் பீவி. தம்பி நஜிமுதீன் மெட்ராஸில் ஏதோ ஒரு சினிமாக் கம்பெனியில் எடுபிடி. தங்கை கரீமா இப்போது இல்லை.

கரீமாவை வடக்கே, கடல் தாண்டி மாயாபந்தரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே புருஷன் அடி தாங்காமல், போன மழைக்கு முந்தின மழையில் தனியாக போட் ஏறிப் புறப்பட்டு வந்தாள். வீடு வந்து சேரவில்லை. ஜெட்டிப் படகுத்துறையில் கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டாள் என்றார்கள். மறுநாள் பாறை இடுக்கில் கண்டெடுத்தார்கள். அந்தச் சமயம் மஸூதா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தாள், துணைக்கு மாமியார். வீட்டில் இருந்தது அண்ணனும் தம்பியும்தான். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு நஜிமுதீன் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறிவிட்டான். சினிமாப் பைத்தியம் முற்றிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ரம்ஜான் பீவி இன்றைக்கும் சோறு தின்று, எழுந்து நடமாடுகிறார் என்றால் ஒரே ஒரு நினைப்பினால்தான்.

“எம் மவ என்னப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தா. பாதி வழியில அல்லா கூப்பிட்டுக்கிட்டான். வீட்டு வாசல்ல காலெடுத்து வச்சிருந்தா அவள நாங்க விட்டிருப்பமா?”

இதைத் தினமும் ஒருதரமாவது சொல்லுவார். சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மஸூதாவும் தினமும், “ஆமா மாமி” என்பாள்.

*

மெயின்லேண்டில் படம் மோசமென்றால் மூன்றாம் நாள் தூக்கிவிட்டு வேறு படம் போடலாம். இங்கே அது நடக்காது. கப்பல் கொண்டுவந்து போட்டதுதான் படம். அடுத்த கப்பல் வருகிற வரைக்கும் அதைத்தான் ஓட்டியாக வேண்டும், அதைத்தான் பார்த்தாக வேண்டும். அதனால் பெட்டி வந்ததும் ஆட்களை விடாமல், மஸூதாவை மட்டும் பெண்கள் பெஞ்சில் உட்காரவைத்து ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது குத்தூஸின் வழக்கம்.

அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. நல்ல படத்துக்கு அவள் வைத்திருக்கும் இலக்கணம் மிகவும் சின்னது. சண்டை வந்தால், ராஞ்சியிலிருந்து கூலிக்கு வந்த, பாஷை தெரியாதவனும் காலைத் தூக்கி பெஞ்சுமேல் வைத்துக்கொள்ள வேண்டும். சோகம் வந்தால் பெண்கள் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அழுகிறவளுக்கு மூக்கு ஒழுக வேண்டும். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்து மூக்கு உலர்ந்திருந்தால் அது கிளிசரின்.

மோசமான படத்திலும் அவள் இரண்டு ரகம் பிரிப்பாள். “இது தூக்கம் வர்ற மோசம் மச்சான். இது சிரிப்பு வர்ற மோசம். பொழச்சுக்கலாம்.”

சிரிப்பு வருகிற மோசம் என்று அவள் சொல்லிவிட்டால் குத்தூஸுக்குக் கொண்டாட்டம். திரைக்கு ஓரமாக மைக்கைப் பிடித்து நின்று, தமிழ் தெரியாத ஜனங்களுக்குக் கதையை இந்தியில் சொல்வது அவன் வேலை. பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சி என்று பாதிக் கொட்டகைக்கு அவன் குரல்தான் படம். நல்ல படத்துக்கு ஒழுங்காகச் சொல்வான். மோசமான படத்தைக் கிழி கிழியென்று கிழிப்பான். அந்தக் கிழிப்பைக் கேட்கவே மறுபடி மறுபடி வருகிறவர்கள் உண்டு.

இந்தத் தடவை ஒத்திகை ஓட்ட நேரமில்லாமல் போய்விட்டது. காற்று சரியில்லையென்று கப்பல் வெளிக்கடலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. பெட்டி கொட்டகைக்கு வந்தபோது மத்தியான ஆட்டத்துக்கு வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் பன்னீர்செல்வம் பெட்டி முத்திரையை உடைத்து, முதல் ரீலை நேரே மெஷினில் மாட்டினான்.

படத்தின் பேர் ‘அலைகடல் அபலை’. கூடவே வந்த பாட்டுப் புத்தகத்தில் ‘கதை உதவி: அந்தமான் நஜி’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கதைச் சுருக்கத்தை குத்தூஸ் அவசரமாகப் படித்தான். செல்வச் சீமானின் மகள் செண்பகம், கொடிய கணவன், குணக்கேடனான சித்தப்பா. அபலை கரை சேர்ந்தாளா? மீதியை வெள்ளித்திரையில் காண்க. எல்லாப் பாட்டுப் புத்தகமும் செய்கிற அதே மோசடிதான்.

பெட்டியோடு வந்தவன் வாய்ச்சேதி ஒன்றும் சொன்னான். “நஜி பாய் அடுத்த கப்பல்ல வர்றாராம். அதுக்குள்ள அண்ணன் படத்தப் பாத்து வைக்கட்டும்னார்.”

குத்தூஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒண்ணரை வருஷமாக ஒரு கடுதாசிகூடப் போடாத தம்பி.

அன்றைக்கு நடந்த பெரிய அதிசயம் வேறு. பிறந்தது முதல் சினிமாவே பார்த்திராத ரம்ஜான் பீவி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“எம் புள்ள கத எழுதியிருக்கானாமுல்ல. நானும் பாக்குறேன்.”

“உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் புகையும் வேக்காடும்?” என்றான் குத்தூஸ்.

“நீ மைக்குல நின்னு நக்கலடிப்பியாமே. தம்பி படத்துக்கு அடிக்கக் கூடாது. எந்தலையில அடிச்சுச் சொல்லு.”

“அடிக்க மாட்டேம்மா” என்று சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனான். மனசாரத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை.

*

மஸூதா பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைத்தபடி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அடுத்த வீட்டு சுசீலா. அவள் புருஷன் பி.டபிள்யூ.டி.யில் கிளார்க். படமென்றால் அவளுக்கு உயிர்.

இரண்டாவது ரீலிலேயே மஸூதா தீர்ப்பு எழுதிவிட்டாள். தூக்கம் வருகிற மோசமாக இருந்தால்கூடத் தேவலை. இது இன்னொரு ரகம்.

திரையில் வந்த கடலைத் தீட்டியவன் கடலையே பார்க்காதவன். துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். துணியின் மடிப்பு நடுக்கடலில் கோடாகத் தெரிந்தது. படகோட்டி நின்றுகொண்டு துடுப்பு போட்டான், துடுப்பு தண்ணீரைத் தொடவேயில்லை. கணவன் சவுக்கால் அடித்தான். சவுக்கு விழுந்து, அவள் விழுந்து, அதற்கப்புறம் சத்தம் வந்தது. பெரிய அலை வந்து செண்பகத்தின் தலையில் அடித்தது. அவள் வைத்திருந்த பூ வாடாமல் அப்படியே இருந்தது.

கடலிலேயே பிறந்து கடலிலேயே தின்கிறவர்களிடம் துணிக் கடலைக் காட்டினால் என்ன ஆகும்? முன்வரிசை மீன்பிடிக்காரர்கள் விசிலடித்தார்கள். சிலர் எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். “குத்தூஸ் பாய், குச் போலோ”, ஏதாவது சொல்லு என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவன் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் சொல்லிப் பார்த்தான். கூட்டம் கலைவதைக் கண்டதும் வாய் நிற்கவில்லை.

“தேகோ பாய், சமுந்தர் கோ இஸ்திரி கர்னா பூல் கயா.”

கடலுக்கு இஸ்திரி போட மறந்துட்டாங்க. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. துடுப்பைக் கிழித்தான், சவுக்கைக் கிழித்தான், பூவைக் கிழித்தான். சுசீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மஸூதாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

“ஏன் எல்லாரும் சிரிக்கிறாக?” என்றார் ரம்ஜான் பீவி.

“படம் அப்படி எடுத்திருக்காக மாமி.”

“அந்தப் புள்ளைய அடிக்கிறானே. அதுக்கா சிரிக்கிறாக?”

மாமியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவருக்குத் துணியும் தெரியவில்லை, மடிப்பும் தெரியவில்லை, மகனின் கேலியும் காதில் ஏறவில்லை. கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், அடிபட்டு, ஒரு மூட்டையோடு படகேறித் தாய்வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“மஸூதா,” என்றார் மெதுவாக. “இது நம்ம கரீமா கதையில்ல?”

“மாமி, வாங்க, வீட்டுக்குப் போயிருவோம். புள்ள வேற முழிச்சுக்கும்.”

“இரு. வீடு வந்து சேர்றாளான்னு பாக்கணும்.”

*

திரையில் மழை. செண்பகம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கதவைத் தட்டினாள். உள்ளே, முறுக்கு மீசை சித்தப்பா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், பாயில் ஒரு வாலிபன் தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுவரைக்கும் செண்பகம் பேசியதெல்லாம் அடுக்குமொழி. தண்ணீர் கேட்பதற்குக்கூட மூச்சு வாங்குகிற வசனம். ஆனதால் இங்கேயும் ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று மஸூதா நினைத்தாள். செண்பகம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

மைக்கில் குத்தூஸின் குரல் வந்தது. கிண்டல் இல்லை. தாழ்ந்த குரல்.

“பையா, அந்தர் நஹீ ஆவூங்கி. ஏக் சூக்கா கப்டா தே தோ. பதல்கர் சலீ ஜாவூங்கி.”

அதற்கப்புறம்தான் திரையில் செண்பகம் பேசினாள். “சித்தப்பா, நான் உள்ள வரல. உலர்ந்த துணி ஒண்ணு மட்டும் குடுங்க. மாத்திக்கிட்டுப் போயிடறேன்.”

அச்சு அசல் அதே வார்த்தை. கொட்டகை கைதட்டியது. “வாஹ் குத்தூஸ் பாய், பெஹ்லே ஸே மாலூம்” என்று யாரோ கத்தினார்கள். பார்க்காத படத்தின் வசனத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டான் என்று அவர்களுக்கு ஒரே குஷி.

மஸூதா அந்த வார்த்தையை மறுபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இந்தப் படத்தில் மனுஷர் பேசுகிற பேச்சு இது ஒன்றுதான். ஜோடனை இல்லாத ஒரே இடம் இதுதான். இதை எந்தக் கதாசிரியனும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது. காதால் கேட்டவன்தான் எழுதியிருக்க முடியும். காதால் கேட்ட இன்னொருவன்தான் முந்திக்கொண்டு சொல்லியிருக்க முடியும்.

திரையில் அவள் கூப்பிட்டது சித்தப்பாவை. மைக்கில் இவன் சொன்னது பையா. அண்ணே.

மாமியாருக்கு இந்தி தெரியாதா? மீன்காரனிடம் தினமும் இந்தியில் பேரம் பேசி ஜெயிக்கிறவர் அவர். மஸூதா அவர் பக்கம் திரும்பப் பயந்துகொண்டு திரையையே பார்த்தாள். சித்தப்பா தாழ்ப்பாளை விடவில்லை. செண்பகம் கொஞ்ச நேரம் நின்றாள், தட்டினாள், திரும்பி நடந்தாள். அடுத்தது துணிக் கடல்.

மைக் ஓசையில்லாமல் கிடந்தது. “போலோ பாய், போலோ” என்று கூட்டம் பறந்தது. செண்பகம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையைத் தூக்கி, ஒரு பாட்டே பாட ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது மைக்கில் ஒரு விம்மல் கேட்டது. இன்னொன்று. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வார்த்தையாகாத ஒரு முனகல்.

குத்தூஸ் பாய் கதாநாயகி மாதிரி அழுது காட்டுகிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். பெஞ்சைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள். சுசீலாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரர் என்னமா அழறார் மஸூதா. அப்படியே நெசமாட்டம் இருக்கு” என்றாள்.

மஸூதா மடியில் கிடந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தீவே கூடி கரீமாவின் சாவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அவளைப் பெற்றவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

*

ஆட்டம் முடிந்து ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள். சாயங்கால ஆட்டத்துக்கு வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாமியார் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை சுசீலாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு மஸூதா திரைக்குப் பின்னால் போனாள்.

குத்தூஸ் ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து முகத்தைக் கைலியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கதைய முன்னாடியே யாரும் சொன்னாங்களா மச்சான்?”

“இல்ல.”

“அப்ப அந்த வார்த்தை எப்படி வந்துச்சு?”

“ஊகிச்சேன். எத்தன படம் பாத்திருக்கேன்.”

“உலர்ந்த துணி குடு, மாத்திக்கிட்டுப் போயிடறேன்னு ஊகிச்சீங்களா?”

அவன் கைலியை முகத்திலிருந்து எடுக்கவில்லை. நல்லது கெட்டது பிரித்துச் சொல்கிற மஸூதாவின் வாய்க்கு அவன் எப்போதுமே பயப்படுவான்.

“கரீமா வீட்டுக்கு வந்தா” என்றான் கடைசியில். “புருஷன் வீட்ட விட்டு ஓடியாந்துட்டான்னா ஊரு சிரிக்குமேன்னு நெனச்சேன். ஒரு மழைக்கு வெளிய நின்னா புத்தி வந்து அடுத்த போட்ல திரும்பிப் போயிருவான்னு... கடலுக்குப் போவான்னு எனக்குத் தெரியுமா மஸூதா? தெரியுமா?”

“நஜி?”

“உள்ளதான் இருந்தான். அம்மா மேல சத்தியம் வாங்கிக்கிட்டேன். யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு.”

வாயைத் திறக்காமல் சொல்ல நஜி இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறான். மஸூதாவுக்கு யார்மேல் கோபப்படுவதென்று புரியவில்லை. புருஷன்மேல் வந்தது. கொழுந்தன்மேல் வந்தது. இத்தனை நாளும் “ஆமா மாமி, ஆமா மாமி” என்று சொல்லிக்கொண்டிருந்த தன்மேலும் வந்தது.

“இந்தப் படத்த நிறுத்திருங்க” என்றாள்.

“நிறுத்திட்டு எதப் போட? கப்பல் வர்ற வரைக்கும் பொட்டி வேற கிடையாது. வெளிய பாரு, எத்தன பேருன்னு. நான் இல்லன்னா கொட்டகைய ஒடச்சுருவானுக.”

“அப்ப தெனம் அந்தக் கதவுக்கிட்ட நின்னு அதச் சொல்லுவீங்களா?”

அவன் திரை ஓரமாகப் பெண்கள் பெஞ்சை எட்டிப் பார்த்தான்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டான். கேட்டபோது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

“நீங்களே போய்ப் பாருங்க.”

வெற்றுக் கொட்டகையில், பெண்கள் பெஞ்சில் ரம்ஜான் பீவி மட்டும் உட்கார்ந்திருந்தார். துப்பட்டி தோளில் நழுவிக் கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. குத்தூஸ் போய் அவர் காலடியில் குந்தினான். மஸூதா இரண்டு பெஞ்சு தள்ளி நின்றாள்.

“வீட்டுக்குப் போவமா அம்மா?”

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது தெனமும் ஓடுமா?”

“ஆமாம்மா.”

“தெனம் அந்தப் புள்ள வந்து தட்டுமா?”

வாசலில் பன்னீர்செல்வம் மணியடித்தான், ஜனங்கள் தள்ளிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கினார்கள். “குத்தூஸ் பாய், மைக் பகடோ”, மைக்கைப் பிடி என்று முன்வரிசைக்காரர்கள் இப்போதே சிரித்துக்கொண்டு இடம் பிடித்தார்கள்.

ரம்ஜான் பீவி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் வருகிறவளுக்கு இடம் விட்டார். அப்புறம் மகனின் தலையில் கையை வைத்தார்.

“நான் தெனமும் வர்றேன் குத்தூஸ். ஒரு ஆட்டத்துலயாவது அவளுக்குக் கதவத் தொறந்து விடு.”